எள்ளில் பாதி

கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு எல்லை வந்துவிட்டதென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கன்னியக்கோயில். சாலையோரத்து மதுக்கடைகளே சொல்லிவிடும். மொத்தம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தூரத்துக்குள் ஒரு காலத்தில் இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இங்கிலீஷ்காரன். அந்தப் பக்கம் புதுச்சேரிக் கோட்டையில் பிரெஞ்சுக்காரன். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இவன் கோட்டையைப் பிடித்தான். 1761இல் இவன் போய் அவன் ஊரையே தரைமட்டமாக்கினான். குண்டு போட்டுத் தீர்த்த பூமி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறியதும் குண்டு விஷயமாகத்தான். ஆனால் இது அரை கிராம் எடையுள்ள குண்டு.

காரணம் என் தங்கை மகன். பதினாறு வயது. இரண்டு மாதமாக ஒரே பாட்டு: "மாமா, ஏர்கன் ஒண்ணு வாங்கிக் குடுங்க. லைசென்ஸ்கூட வேணாமாம்." அவன் சொல்வது பொய்யில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் 'உரிமம் வேண்டாம்' என்பதை 'பொம்மை' என்று படித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். என் வலது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு அப்படிப் படித்ததால் வந்தது.

நெல்லிக்குப்பத்தில் தாத்தா வீடு, கோடை விடுமுறை. பெரியம்மா மகன் யாரிடமோ இரவல் வாங்கி வந்த ஏர்கன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற பழைய ரகம். ஆட்டுக்கல்லின் மேல் கொட்டாங்கச்சியை வைத்துச் சுட்டான். கொட்டாங்கச்சி அசையவில்லை. நான்தான் அலறினேன். கருங்கல்லில் பட்ட ஈயக்குண்டு தெறித்துத் திரும்பி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் புருவத்தைக் கீறிவிட்டுப் போயிருந்தது. ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் இதை ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் கொய்யாக் கிளை கிழித்துவிட்டது என்று சொன்ன பொய் இன்றுவரை நிற்கிறது.

அதனால் மருமகனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். முறையாகச் சுடக் கற்றுக்கொடுக்கிற ஓர் இடத்தை நான் முதலில் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு பேசலாம். பாண்டியில் ஒரு மாடியில் அப்படி ஓர் இடம் நடக்கிறது என்று நண்பர் ஒருவர் முகவரி கொடுத்தார்.

கடலூர்க்காரர்களுக்கு இந்த விளையாட்டில் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. இளவேனில் வாலறிவன் 1999இல் பிறந்தது எங்கள் ஊரில்தான். (வாலறிவன் என்பது திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வள்ளுவர் கடவுளுக்குச் சொல்லும் பெயர். வடநாட்டு வர்ணனையாளர்கள் அதை உச்சரிக்கப் படுகிற பாட்டைக் கேட்க வேண்டும்.) வளர்ந்தது, பயின்றது எல்லாம் அகமதாபாத். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம். 2023இல் அதே ரியோவில் மறுபடி தங்கம். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிப் போட்டிகள் பாரிஸில் நடக்கவில்லை. தெற்கே 270 கிலோமீட்டர் தள்ளி ஷத்தோரூ என்ற சின்ன ஊரில் நடந்தன. அங்கே 60 குண்டில் 630.7 புள்ளி எடுத்துப் பத்தாம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். ஐந்தாவதாக உள்ளே போன நம் நாட்டு ரமிதா ஜிந்தல் எடுத்தது 631.5. இடையில் 0.8தான். இந்த 0.8 என்றால் கையளவில் எவ்வளவு என்று அந்த மாடிக்குப் போகும் வரை எனக்குத் தெரியாது.

கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே வந்தது. அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம் போகிற சாலை பிரியும் இடத்தைப் பார்த்ததும் ஆடித் தேர் ஞாபகம். செங்கழுநீர் அம்மன் தேருக்கு பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். எனக்கு அந்த வயதில் கவர்னரோ அம்மனோ முக்கியமில்லை. பலூன் சுடுகிற கடைதான் முக்கியம். அங்கே எத்தனை குண்டு சுட்டும் நடு வரிசைச் சிவப்பு பலூன் உடைந்ததே இல்லை. குழலைக் கொஞ்சம் கோணலாக்கி வைத்திருப்பான் என்பது பின்னாளில் தெரிந்த ரகசியம்.

பஸ் நிலையத்திலிருந்து காந்தி வீதி வழியாக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஜீன்ஸ் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே பொம்மைத் துப்பாக்கிகள். ஒரு பையன் ஒன்றை எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அப்பா கையைத் தூக்கிச் செத்துப்போவதுபோல் நடித்தார். பொம்மைதானே. நானும் சிரித்தேன்.

அந்த மாடியில் சிரிக்க விடவில்லை.

படியேறியதும் நீள வாக்கில் ஒரு ஹால். ஏழு லேன். சுடுகிற கோட்டிலிருந்து டார்கெட் வரை சரியாகப் பத்து மீட்டர். பின்னால் இரும்புத் தகடு, குண்டு பட்டால் கீழ்நோக்கி மடங்கி விழும்படி சாய்த்து வைத்திருந்தார்கள். என் தாத்தா வீட்டு ஆட்டுக்கல்லுக்கு இந்தச் சாய்வு இல்லாததுதான் அன்றைய கோளாறு. ஆறு லேனில் கயிற்றில் ஓடுகிற அட்டை டார்கெட். ஒன்றில் மட்டும் எலெக்ட்ரானிக். மேஜை மேல் ஆறேழு துப்பாக்கிகள், எல்லாவற்றின் வாயும் டார்கெட் பக்கம். ஒவ்வொன்றின் குழலுக்குள்ளும் ஆரஞ்சு நிறத்தில் நைலான் கயிறு ஒன்று பின்னால் நுழைந்து முன்னால் எட்டிப்பார்த்தது.

"அது என்னங்க?"

"சேஃப்டி லைன் சார். அது வெளிய தெரிஞ்சா உள்ள குண்டு இல்லைன்னு அர்த்தம். தூரத்துல நிக்கிறவங்களுக்கும் தெரியணும்ல" என்றார் பயிற்சியாளர். நாற்பது வயதிருக்கும். மெதுவான குரல். "உலகப் போட்டியிலயும் இதுதான் சட்டம். கயிறு இல்லாம துப்பாக்கி மேஜையில கிடந்தா முதல்ல நடுவர் அங்கதான் வருவார்."

சுவரில் அபினவ் பிந்த்ராவின் படம். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். கடைசிக் குண்டுக்கு முன்னால் அவரும் ஃபின்லாந்துக்காரர் ஒருவரும் சரிசமம். ஃபின்லாந்துக்காரர் 9.7. பிந்த்ரா 10.8. இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் முதன்முதலாக வந்தது அந்தக் குண்டில்தான்.

மூலை நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பேத்தியை அழைத்து வந்தவர். பேச்சுக் கொடுத்ததும், "நாங்க சொல்தா குடும்பம்" என்றார். பாண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து பிரான்ஸ் அரசின் ஓய்வூதியம் வாங்குகிற தமிழர்களை இங்கே சொல்தா என்பார்கள். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கக் கட்டடம் இருக்கிறது. எங்கள் கோட்டையைப் பிடித்த அதே லாலியின் பெயர் கொண்ட வீதியில். பெரியவர் இருபது வருஷம் சேவை செய்துவிட்டு வந்தவர்.

"துப்பாக்கி காலியா இருக்குன்னு எவன் சொன்னாலும் நம்பக் கூடாது தம்பி. பெத்த அப்பன் சொன்னாலும் சரி. நீயே திறந்து பார்க்கணும். எனக்கு அங்க முதல் நாள் சொன்னது அதுதான். என் பேத்திக்கு இங்க முதல் நாள் சொன்னதும் அதுதான். அப்பவே இவர் கிட்ட விடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

பதினான்கு வயதுப் பேத்தி எலெக்ட்ரானிக் லேனில் தயாராகிக்கொண்டிருந்தாள். தயாராவதற்கே கால் மணி நேரம். கித்தான் துணியில் தைத்த விறைப்பான ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட், அடி தட்டையான பூட்ஸ். பாண்டி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதே ஒரு விரதம். இடது கண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மறைப்பு. ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பது சினிமாவில்தான். இங்கே இரண்டு கண்ணும் திறந்திருக்கும், மூடினால் முகத்துத் தசை இறுகிவிடும். ரைஃபிள் ஐந்து கிலோவுக்குப் பக்கம். அதைக் கை தூக்கவில்லை. இடுப்பை முன்தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, எலும்பின் மேல் எலும்பாக அடுக்கி நிறுத்துகிறாள். குடம் சுமக்கிற பெண்கள் செய்கிற அதே காரியம்.

"லோட்" என்றார் பயிற்சியாளர். ஆரஞ்சுக் கயிறு வெளியே வந்தது. டப்பாவிலிருந்து ஒரு குண்டு. நடுவில் இடுப்புச் சிறுத்து உடுக்கை மாதிரி இருந்தது. "ஸ்டார்ட்."

தூக்கினாள். கன்னத்தைக் கட்டையில் பதித்தாள். மூச்சு இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். நான் டார்கெட்டைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் துப்பாக்கியை இறக்கிவிட்டிருந்தாள்.

மறுபடி தூக்கினாள். ஏழெட்டு விநாடி. மறுபடி இறக்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஆச்சு, பயப்படுதா?" என்று பெரியவர் காதில் கேட்டேன். பயிற்சியாளருக்குக் கேட்டுவிட்டது.

"இல்ல சார். அதைத்தான் ஒரு வருஷமா சொல்லிக் குடுத்தேன். சுடுறதுக்கு மூணு மாசம் போதும். சரியில்லைன்னு தெரிஞ்ச உடனே இறக்குறதுக்குத்தான் நாளாகும். பத்து விநாடிக்கு மேல பிடிச்சா கண்ணு ஏமாத்தும், கையி ஆடும், அப்பவும் மனசு 'விடாதே, அழுத்து'ன்னு சொல்லும். அதைக் கேட்கக் கூடாது."

மூன்றாவது தரம் தூக்கினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்டேப்ளர் அடித்த மாதிரி. திரையில் 10.6.

அப்போதுதான் அந்தப் புள்ளிக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். டார்கெட்டின் நடுவில் இருக்கும் 'பத்து' என்பது ஒரு வட்டமே அல்ல. அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முனையால் தொட்ட மாதிரி. குண்டின் அகலம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் புள்ளியைத் தொட்டால் 10.0. அதற்குமேல் நடுவை நோக்கி நெருங்கும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு பத்தில் ஒரு பங்கு கூடும். உச்சம் 10.9. இளவேனில் ஷத்தோரூவில் எடுத்த 630.7ஐ அறுபதால் வகுத்தால் குண்டுக்கு 10.5 வருகிறது. அதாவது பத்து மீட்டர் தள்ளி நின்று, ஐந்து கிலோ சுமையோடு, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அறுபது தரம், சராசரியாக நடுவிலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள். எள்ளின் அகலத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கும் ரமிதாவுக்கும் இடையில் இருந்த 0.8ஐ மில்லிமீட்டராக்கினால் அறுபது குண்டுக்கும் சேர்த்தே இரண்டு மில்லிமீட்டர். ஒரே ஒரு எள். அதற்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம், 2025 ஆசிய சாம்பியன்ஷிப்பில், இறுதிச் சுற்றின் 24 குண்டில் 253.6 எடுத்து ஆசிய சாதனையோடு தங்கம் வாங்கினார் என்பது பிறகு நடந்த ஆறுதல்.

இடைவேளையில் கேள்விகளை அடுக்கினேன். ஸ்பிரிங் எங்கே என்று தேடினால் இந்த ரகத்தில் ஸ்பிரிங்கே இல்லை. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. காரின் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. சிலிண்டரின் மேல் தேதி அடித்திருந்தது. அதிகபட்சம் பத்து வருஷம், அதற்குமேல் தூக்கிப் போட வேண்டும். "தேதி போனதை வெச்சிருக்கிறது வீட்டுக்குள்ள வெடி வெச்சிருக்கிற மாதிரி. சிலபேர் பழசு மலிவா வருதேன்னு வாங்கிடுறாங்க" என்றார். விலை விசாரித்தேன். வெளிநாட்டு ரைஃபிள் இரண்டு லட்சத்துக்கு மேல்; ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் தனி. இங்கே பலரும் கிளப் துப்பாக்கியைத்தான் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த விளையாட்டில் முதல் தடை பணம்தான். அதை யாரும் மழுப்பவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பெரியவர் மசால் வடைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். நான் கை வைக்கப் போகும்போது பேத்தி கத்தினாள்: "அங்கிள், கை கழுவுங்க! குண்டைத் தொட்டீங்கல்ல, ஈயம்." நான் சிங்க்கைத் தேடிப் போனேன். சுவரில் சோப்புக்கு மேலே பெரிய எழுத்தில் அதுவே எழுதி ஒட்டியிருந்தது. படிக்காதவன் நான் ஒருவன்தான்.

வடையோடு வரலாறும் வந்தது. துப்பாக்கிச் சுடுதலின் முதல் உலகப் போட்டி 1897இல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்தது. 1907இல் எட்டு நாடுகள் சேர்ந்து உலகச் சங்கம் அமைத்தபோதும் முன்நின்றவர் ஒரு பிரெஞ்சுக்காரர். இதைப் பெரியவர் தன் சொந்த ஊர்க் கதைபோல் சொன்னார். ஒலிம்பிக்கைத் திரும்ப எழுப்பிய கூபெர்த்தனும் பிஸ்டல் பிடித்தவர்தானாம். காற்றுத் துப்பாக்கி ஒலிம்பிக்குக்கு வந்தது மட்டும் 1984இல், தாமதமாக. ஆனால் காற்று என்று இளக்காரம் வேண்டாம். ஆஸ்திரியப் படை 1780களிலேயே காற்றுத் துப்பாக்கியைப் போருக்குக் கொண்டுபோயிருக்கிறது.

"ஆளைக் கொல்லுமா சார்?" என்று நேராகவே கேட்டேன்.

"போட்டி ரைஃபிள் ஏழெட்டு ஜூல்தான். அதுவே கண்ணுல பட்டா கண்ணு போச்சு. கடையில லைசென்ஸ் இல்லாம விக்கிறது அதைவிட ரெண்டு மடங்கு வரைக்கும் போகுது. யோசிச்சுக்குங்க" என்றார். பிறகு குரலை இன்னும் தணித்தார். "ஏர்கன் வாங்குறவன் முதல்ல எதைப் பார்க்கிறான் தெரியுமா? புறாவை. அப்புறம் கொக்கை. என்கிட்ட வர்ற பசங்ககிட்ட முதல் கேள்வியே, வீட்டு மொட்டைமாடியில எதையாவது சுட்டியாங்கிறதுதான். ஊசுட்டேரி இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

அதிக தூரமில்லை. ஊருக்கு மேற்கே, பாதி பாண்டியிலும் பாதி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கிற ஏரி. 2008இல் புதுச்சேரி தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே இறங்குகிற பறவைக்குக் குண்டு பெரியதா சின்னதா என்பது கணக்கில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்கும் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் கிராமம் கிராமமாகப் போய் ஏர்கன்களை மக்களாகவே கொண்டுவந்து ஒப்படைக்க வைத்தார்கள். காடு சத்தமில்லாமல் போய்விட்டது என்று உணர்ந்த பிறகு.

கடைசியில் என்னையும் நிற்க வைத்தார்கள். ஜாக்கெட் இல்லை, ரைஃபிள் மட்டும். "டார்கெட்டைத் தவிர வேற எங்கயும் குழல் திரும்பக் கூடாது. யாராவது கூப்பிட்டா தலையை மட்டும் திருப்புங்க. சுடப் போற நிமிஷம் வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளிய." தூக்கினேன். குழலின் முனையில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய வேண்டிய கறுப்புப் பொட்டு, கிணற்றில் விழுந்த நிலா மாதிரி ஆடியது. என் நாடித் துடிப்பு அதில் தெரிந்தது. இதுவரை எனக்கு இதயம் இருப்பது டாக்டர் சொல்லித்தான் தெரியும். ட்ரிகர் ஒரு முட்டையின் எடைகூடத் தாங்காத மென்மை, நினைப்பதற்குள் டிக். ஆறு. அடுத்தது நான்கு. அதற்கடுத்தது கறுப்புக்கே வெளியே. பேத்தி மிக மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்துக் குண்டு முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு தரம்கூட நான் இறக்கவில்லை.

"அன்லோட்." ஆரஞ்சுக் கயிறு மறுபடி உள்ளே போனது. நானே திறந்து பார்த்தேன். பெரியவர் தலையாட்டினார்.

மாலையில் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். காந்தி சிலையைத் தாண்டி, தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் வரை நடந்தேன். மணலில் ஒரு பலூன் கடை. பலகையில் வரிசையாகப் பலூன்கள், பின்னால் ஒரு தார்ப்பாய், மேஜையில் இரண்டு ஏர்கன். ஒன்றின் வாய் என்னைப் பார்த்துக் கிடந்தது. நான் ஒதுங்கி நின்றேன்.

"வாங்க சார், அம்பது ரூபாய்க்குப் பத்துக் குண்டு."

காசைக் கொடுத்தேன். கடைக்காரர் குழலை மடக்கி, குண்டு போட்டு, நீட்டினார். நடு வரிசையில் சிவப்பு பலூன். தூக்கிக் கன்னத்தில் வைத்து மூச்சைப் பாதி விட்டேன். காலையில் ஆடிய குழல் இப்போது கொஞ்சம் அடங்கி நின்றது. விரலை வைக்கப் போகும்போது தார்ப்பாய் அசைந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கால், செருப்பில்லாமல்.

இறக்கினேன். குழலைக் கடல் பக்கம் திருப்பி மேஜையில் வைத்தேன்.

"ஏன் சார்? சுடுங்க, ஒண்ணும் ஆவாது."

"பின்னால யாரோ இருக்காங்க."

"என் பையன்தான் சார். பலூன் ஊதுறான். பலகையத் தாண்டி எதுவும் போவாது." சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி என் புருவத்தைப் பார்த்தார். "டேய், இந்தப் பக்கம் வாடா."

வாயில் பாதி ஊதிய மஞ்சள் பலூனோடு ஆறு வயதுப் பையன் ஒருவன் வெளியே வந்து அப்பாவின் காலருகே உட்கார்ந்தான். நான் துப்பாக்கியை மறுபடி எடுத்தேன். பத்துக் குண்டையும் சுட்டேன். சிவப்பு பலூன் உடையவே இல்லை, குழல் கோணல்தான். பக்கத்துப் பச்சை மட்டும் ஒன்று உடைந்தது, நான் அதைக் குறி வைக்காமலே.

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மருமகனின் போன். "மாமா, பார்த்தீங்களா? வாங்கலாமா?"

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில ரெடியா இரு. பாண்டிக்குப் போறோம்."

"கடைக்கா?"

"இல்லடா, ஒரு மாடிக்கு. அங்க முதல் நாள் துப்பாக்கியையே தொட விடமாட்டாங்களாம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. முருங்கப்பாக்கம் தாண்டியதும் அவனே கேட்டான்: "பஸ்ஸு எத்தனை மணிக்கு?"